சாட்சிக்குப் போன மச்சாள்

“சனிக்கிழமை காலமை நீர் என்னோட ஹென்டர்சன் மரக்கறிக் கடையில வெண்டிக்காய் நுனி முறிச்சுக்கொண்டு நிண்டனீர். பிறகு எந்தக் காட்டில போய் எந்த வான்கோழிக்கு அம்பு விட்டனீர்?”

“மச்சாள், மெல்லமாக் கதையுங்கோ. ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும். பொய்க்குத்தான் மெல்லிய குரல் வேணும்.”

அந்த நேரம் பிளாக்ஹவுஸ் பே மண்டபத்தில் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. பழைய மாணவர் சங்கத்தின் குளிர்கால ஒன்றுகூடல் அது. பூமியின் தென்கோடியில் இருக்கும் இந்த நாட்டில் ஆடி மாதம்தான் குளிர்காலம். வீட்டுக்கொரு சட்டி கறி கொண்டுவந்து கலந்து சாப்பிடுவது சங்கத்தின் வழக்கம். சாப்பிட்ட தட்டும் கையுமாக எல்லோரும் செல்வநாயகியின் பக்கம் திரும்பி நின்றார்கள். அதில் செல்வநாயகிக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. சங்கத்துக்குப் பல வருடம் செயலாளராக இருந்தவர். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போகும் குரல் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது. எதிரே நின்றவள் அவருடைய தம்பி நவரத்தினத்தின் மனைவி சுகந்தினி. கையில் காலியான கறிச்சட்டி.

சட்டி காலியானதில்தான் வினையே தொடங்கியது. செல்வநாயகியின் வீட்டுப் பின்பக்கம் வாடகைக்கு இருக்கும் மனோஜ், கோயம்புத்தூர்ப் பையன். கம்ப்யூட்டர் வேலை. சங்கத்தின் பள்ளிக்கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் சாப்பாடு எந்தத் திசையில் என்று தெரியும். அவன் மூன்றாம் தரமும் அந்தச் சட்டியில் அகப்பையை விட்டு, “அக்கா, இது நாட்டுக்கோழிங்களா? எங்க கிடைச்சுது?” என்று கேட்டான்.

“ஓம் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்காகவே சுகந்தினி காலையிலிருந்து சட்டிக்குப் பக்கத்தில் நின்றாள் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

“கோழியில்லை, காட்டு வான்கோழி. நானே வில்லால அடிச்சது” என்றாள்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் தங்கள் தட்டைக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் வாயில் இருந்த துண்டை நாக்கால் ஒரு பக்கம் ஒதுக்கினார். இன்னொருவர், இவ்வளவு நேரமும் தான் சாப்பிட்டது சுத்தமான பண்ணைக் கோழிதான் என்று பக்கத்தில் இருந்தவருக்கு உறுதி சொன்னார். செல்வநாயகி மட்டும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். எப்போது? சனிக்கிழமை என்று சுகந்தினி சொன்னாள். அங்கேதான் அகப்பட்டாள்.

தலை எங்கே என்று கேட்டால், எறிந்தாயிற்று. செட்டை, இறகு? அதுவும் எறிந்தாயிற்று. படம்? எடுக்கவில்லை. குப்பைக்குப் போகிற வாழைப்பழத் தோலைக்கூட நாலு கோணத்தில் படம் எடுத்து அனுப்புகிற ஊரில், வான்கோழி அடித்தவள் படம் எடுக்கவில்லையாம். சரி, கறியையாவது பார்த்துச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வெள்ளைக்காரன் என்றால் பறவையை முழுசாக அடுப்புக்குள் தள்ளியிருப்பான். அம்பு போன ஓட்டை எல்லோரும் பார்க்கக் கிடந்திருக்கும். இவளோ மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் போட்டு மூன்று தரம் கழுவி, எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக்கி, வறுத்த தூளில் பிரட்டி எடுத்திருந்தாள். அந்தத் தூளில் விழுந்த பிறகு அது என்ன பறவை என்று அதை முட்டையாக இட்ட தாயாலும் சொல்ல முடியாது.

“அக்கா, அது வான்கோழிதான்” என்றார் நவரத்தினம், தட்டிலிருந்து தலையெடுக்காமல்.

“நீ கண்டனியோ?”

“இல்லை. சாப்பிட்டனான்.”

மண்டபம் சிரித்தது. சுகந்தினி சிரிக்கவில்லை. செல்வநாயகி அந்தச் சிரிப்பின் தெம்பில், கடையில் வாங்கிய பறவைக்குக் காட்டுப் பெயர் வைத்த கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவருடைய கண் சுகந்தினியில் இல்லை. அடுத்த மேசையில் இருந்த ரதிதேவியில் இருந்தது. பாட்டனி டவுன்ஸில் இருந்து வந்த ரதிதேவியின் மகன் பார்த்தீபனுக்குத்தான் செல்வநாயகி தன் மகள் நிலானியைப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதிவரை கனிந்திருந்தது. பெண்ணின் மாமி காடுமேடெல்லாம் அம்பு விட்டுத் திரிகிறவள் என்பதைவிட, மாமி கொஞ்சம் அளந்து விடுகிறவள் என்பது சம்பந்தத்துக்குச் சேதம் குறைவு. செல்வநாயகியின் கணக்கு அது. குடும்பத்துக்கு ஒருத்தி அளப்பவள் எல்லா வீட்டிலும் உண்டுதானே.

ஆனால் சுகந்தினி சட்டியை மேசையில் வைத்தாள்.

“கடையில வாங்கினது எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டியள், மச்சாள். இனி நான் சும்மா போக ஏலாது. வாற கிழமை என்னோட வாங்கோ. உங்கட கண்ணால பாருங்கோ. நான் அடிக்காட்டில், அடுத்த ஞாயிறு பொதுக்கூட்டத்தில நானே மைக் பிடிச்சு, பொய் சொன்னனான் எண்டு சொல்லுறன். வில்லையும் குடுத்துப்போடுறன். அடிச்சனெண்டால், அதே மைக்கில நீங்கள் சொல்லோணும்.”

செல்வநாயகி சம்மதித்தார். நாற்பது பேருக்கு முன்னால் கேட்டால் வேறு என்ன செய்வது.

வில் விஷயம் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஹென்டர்சனில் பல்செட் செய்கிற ஓர் இடத்தில் சுகந்தினிக்கு வேலை. மெழுகை உருக்கி, ஈறுபோல் முரசு வடித்து, ஊரார் வாய்க்குப் பல் அடுக்குவது. சில வருடங்களுக்கு முன்னர் அங்கே வேலை செய்தவர்கள் ஒருநாள் கூட்டாக, வில் பழகும் கிளப் ஒன்றுக்குப் பொழுதுபோக்கப் போனார்கள். மற்றவர்கள் சிரித்து, படம் எடுத்து, கோப்பி குடித்து வந்துவிட்டார்கள். சுகந்தினி அடுத்த கிழமையும் போனாள். அதற்கடுத்த கிழமையும் போனாள். சக்கரமும் குறிகாட்டியும் பூட்டிய புதுமாதிரி வில்லை அவள் கையால் தொடவில்லை. ஆளுயரத்துக்கு ஒரு மரவில், ஒரு நாண், மரத்தில் சீவிய அம்பு, அம்பின் வாலில் இறகு. குறி என்பது கண்ணும் கையும் தமக்குள் பேசி முடிக்கிற காரியம். வீட்டின் பின்வளவில் வைக்கோல் கட்டு வந்தது. நவரத்தினம் உடுப்புக் காயப்போடும் கொடியை இரண்டு தரம் இடம் மாற்றிக் கட்டினார். செல்வநாயகி அதைக் கேட்டவர்களுக்கெல்லாம், சுகந்தினிக்குத் தோள் நோ, டொக்டர் சொன்ன உடற்பயிற்சி என்று சொல்லி வைத்திருந்தார். தோள் நோ என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அவரவர் தோள் நோவைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

புதன்கிழமை சுகந்தினி தொலைபேசி எடுத்தாள். வெள்ளிக்கிழமை விடியக் கூட்டிப்போக வருவதாகவும், மண்ணிறமோ பச்சையோ உடுத்தி நிற்கும்படியும் சொன்னாள்.

“வெள்ளியோ? ஆடி வெள்ளி எல்லோ.”

“கொலின் வெள்ளியில மட்டும்தான் விடுவார், மச்சாள். சனி ஞாயிறில அவற்ர பேரப்பிள்ளையள் அந்த மேட்டில ஓடித் திரியிறவை. எப்பவும் வெள்ளிதான்.”

கொலின் என்பவர் ஹெலன்ஸ்வில் தாண்டிப் பண்ணை வைத்திருக்கிற கிழவர். அவருடைய மேல்வரிசைப் பல் சுகந்தினியின் கைவேலை. எங்கெங்கோ செய்த பல்லெல்லாம் கழன்று தட்டில் விழுந்து மானம் போக, இவள் செய்ததுதான் வாயில் நின்றது. காட்டு வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக வந்து தன் புல்லை மேய்ந்து, ஆடுகளின் தண்ணீர்த் தொட்டியில் எச்சமிடுகின்றன என்று ஒருநாள் அவர் குறைப்பட்டார். துவக்கு வெடிச் சத்தம் என்றால் சினை ஆடுகள் மிரளும். வில் என்றால் தாராளமாக வா என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் செல்வநாயகிக்கு அந்தத் தொலைபேசியில்தான் விளங்கியது. ‘எப்பவும் வெள்ளிதான்’ என்ற சொல்லைப் பிடித்துச் செல்வநாயகி கணக்குப் போட்டார். எப்போதும் வெள்ளி என்றால் போன கிழமையும் வெள்ளி. போன வெள்ளி ஆடி முதல் வெள்ளி. அன்று பின்னேரம் கோயிலில், அம்மனுக்கு அபிஷேகம் நடக்கும்போது, சுகந்தினி தலைமுழுகிய ஈரக் கூந்தலோடு பக்கத்தில் நின்று கும்பிட்டதைச் செல்வநாயகி கண்ணால் கண்டிருக்கிறார். குளிருக்குள் இவள் ஏன் தலைமுழுகினாள் என்றுகூட நினைத்தார். வெள்ளிக்கிழமைகளில் சுகந்தினிக்கு வேலை இல்லை. கோயிலுக்காகக் கேட்டு வாங்கிய ஓய்வு என்று ஊர் மெச்சிக்கொண்டிருந்தது. ஆடி வெள்ளியில் உயிர் எடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வாள்? அதனால்தான் சனி. அதனால்தான் தலையும் செட்டையும் குப்பைக்கு. அதனால்தான் படம் இல்லை.

இவ்வளவு பெரிய செய்தி தனக்குக் கிடைத்தும் செல்வநாயகி அன்றிரவு ஒருவருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. எடுக்க ஆசையில்லாமல் இல்லை. கை இரண்டு தரம் போய்த் திரும்பியது. ஆனால் சுகந்தினி வெள்ளியில் கொன்றாள் என்று சொன்னால், கொன்றது உண்மை என்றாகிவிடும். கொல்லவில்லை என்று சொன்னவரே அவர்தானே. பிடித்த பொய்யை விட்டால்தான் கண்ட குற்றத்தைச் சொல்லலாம். இரண்டையும் ஒன்றாகச் சொல்ல வழி தேடி விடியும்வரை புரண்டார், வழி கிடைக்கவில்லை. செல்வநாயகியின் வாழ்க்கையில் அப்படி ஒரு நிலை அதற்கு முன் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை விடிய, தெருவிளக்கு அணைய முன்னர், சுகந்தினியின் கார் வந்து நின்றது. மோட்டர்வே முடிந்து, குமேயு தாண்டும்வரை இருவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள். செல்வநாயகி மகன் விட்டுப்போன பச்சை மழைக்கோட்டுக்குள் இருந்தார். நெற்றியில் விபூதியும் சிவப்புப் பொட்டும் பளிச்சென்று. பண்ணை வாசலில் கார் நின்றதும் சுகந்தினி தயங்கித் தயங்கிச் சொன்னாள், வான்கோழிக்கு மணம் பிடிக்கத் தெரியாது, ஆனால் கண்ணும் காதும் பொல்லாதவை, பொட்டைத் துடைக்க வேண்டும், காப்புகளைக் கழற்ற வேண்டும் என்று. ஆடி வெள்ளியில் பொட்டை அழிப்பதா என்று ஒரு வாக்குவாதம் காருக்குள் நடந்தது. கடைசியில் பொட்டு போகவில்லை. கம்பளித் தொப்பி புருவம்வரை இறங்கியது. காப்புகள் கழன்றன, ஒன்றைத் தவிர. அது நிலானி பிறந்த வருடம் போட்டது, பிறகு கை பருத்துவிட்டது. சுகந்தினி ஒரு சொக்ஸை எடுத்து அந்தக் காப்பின்மேல் சுற்றிக் கட்டினாள்.

மக்ரோகார்ப்பா மரங்கள் வரிசையாக நின்ற வேலியோரம், பச்சை பிளாஸ்டிக் சுற்றிய பெரிய புல் உருளைகள் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் சாக்கை விரித்து இருவரும் இருந்தார்கள். எதிரே சரிவு முழுவதும் வெண்பனி. சுகந்தினி வில்லுக்கு நாண் பூட்டியபோது செல்வநாயகி முதன்முறையாக அந்தக் கைகளைக் கிட்ட இருந்து பார்த்தார். அடுத்த வீட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற, சங்கத்துக் கூட்டங்களில் பாத்திரம் கழுவுகிற கைகள்தான். வில்லை முழங்காலில் அழுத்தி வளைத்தபோது முழங்கைக்கு மேலே கயிறு முறுக்கியதுபோல் ஒன்று எழுந்தது. தோள் நோ என்று தான் ஊருக்குச் சொன்னது செல்வநாயகிக்கு ஞாபகம் வந்தது.

“இனிக் கதைக்கக் கூடாது, மச்சாள்.”

“எவ்வளவு நேரம்?”

“அதுகள் வருமட்டும்.”

கதைக்காமல் இருப்பது செல்வநாயகிக்குப் பழக்கமில்லாத வேலை. செத்த வீட்டில்கூட அவர் யார் எப்போது வந்தது என்று காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். இங்கே சொல்ல எவ்வளவோ இருந்தது. கால் விறைத்தது. மூக்கில் தண்ணீர். புல் உருளையில் ஒரு எலி ஓடியது. தாலிக்கொடி குளிரில் நெஞ்சோடு ஒட்டியது. எதையும் யாருக்கும் சொல்ல முடியவில்லை.

வெயில் சரிவின் தலையில் பட்டபோது பைன் மரங்களில் இருந்து ஒவ்வொன்றாக இறங்கின. பெரிய குடைகளை யாரோ மேலிருந்து எறிவதுபோல் விழுந்து, செட்டையை மடக்கி, நிலத்தைக் கொத்தத் தொடங்கின. கறுப்பு என்று தூரத்தில் தெரிந்தது. கிட்ட வர வர செம்பும் பச்சையுமாக மினுங்கியது. கடையில் பிளாஸ்டிக் பைக்குள் வெள்ளையாகக் கிடக்கும் சாமானுக்கும் இதற்கும் ஒரு உறவும் இல்லை என்று செல்வநாயகி நினைத்தார். அப்படி நினைத்ததே தன் கட்சிக்குப் பாதகம் என்று உடனே தோன்றியது.

ஒரு சேவல் புல் உருளைகளுக்கு நேரே வந்தது. மார்பில் குதிரைமயிர்போல் ஒரு கொத்துத் தொங்க, தலை நீலமும் சிவப்புமாக, கல்யாண மண்டபத்துக்கு வரும் மாப்பிள்ளையின் தகப்பன்போல் நடந்தது. கல் எறிந்தால்கூடப் படுகிற தூரம். சுகந்தினி வில்லைப் பாதி உயர்த்தினாள். பிறகு இறக்கினாள். சேவல் தன்பாட்டில் கடந்து போனது.

செல்வநாயகிக்கு ஆச்சரியமாக இருந்தது. வென்றுவிட்டோம் என்ற எண்ணம் வந்தது. ஆனால் அதோடு வரவேண்டிய இனிப்பு வரவில்லை. ‘ஏன் அடிக்கேல்லை’ என்று கண்ணால் கேட்டார். சுகந்தினி விரலால் சேவலுக்குப் பின்னால் காட்டினாள். ஒரு பேடு அதோடு ஒட்டி நடந்துகொண்டிருந்தது. அம்பு ஊடுருவினால் இரண்டும் சாகும். அதைச் செல்வநாயகி தானே விளங்கிக்கொண்டார், ஒரு சொல்லும் இல்லாமல்.

இன்னொரு சேவல் பின்னால் தனியாக வந்தது. முன்னதைவிடப் பெரியது. வேலிக் கட்டைகளின் ஓரமாகக் கொத்திக்கொண்டு, கொத்துக்கொரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தது. அந்தத் தலை தூக்கியிருக்கும்போது விரல் அசைந்தால் போதும், காரியம் கெட்டது. தலை ஒரு கட்டைக்குப் பின்னால் மறைகிற அந்த இமைப்பொழுதில்தான் நாணை இழுக்கலாம். சுகந்தினி ஒரு முழங்காலில் எழுந்து, கல்லாக நின்றாள்.

அப்போதுதான் செல்வநாயகியின் தொண்டையில் இருமல் வந்தது.

வந்தது என்றால் சும்மா வரவில்லை. குளிர்காலம் முழுவதும் வளர்த்த இருமல். அது தொண்டைக்குழியில் ஏறி உட்கார்ந்து கதவைத் தட்டியது. செல்வநாயகிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஒரு இருமல் போதும். மேட்டில் ஒரு பறவை நிற்காது. ஞாயிற்றுக்கிழமை சுகந்தினி மைக்கைப் பிடித்துத் தலைகுனிந்து நிற்பாள். வில் போய்விடும். இருமல் வந்தால் யார் என்ன செய்ய முடியும், வேண்டுமென்று இருமினார் என்று எந்தக் கோட்டுக் கச்சேரியில் சொல்லுவார்கள்.

அவர் சொக்ஸ் சுற்றிய கையை வாய்க்குள் திணித்துக் கடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. நெஞ்சு குலுங்கியது. பிழை பிடிக்கிறது அவருடைய தொழில். பிழை செய்துவிட்டுப் பிடிக்கிறது இல்லை. அம்மா தாயே, கெதியா, கெதியா முடி என்று அவர் வேண்டியது அபிஷேகத்தில் நிற்கும் அம்மனையா, முன்னால் நிற்கும் தம்பி பெண்சாதியையா என்று அவருக்கே தெளிவில்லை.

சேவலின் தலை கட்டைக்குப் பின்னால் போனது. சுகந்தினியின் முழங்கை பின்னால் வந்தது. நாண் கன்னத்தில் பதிந்தது. தலை மறுபக்கம் வெளியே வந்து, ஒரு கணம் நின்றது. நாண் விட்ட சத்தம் யாரோ பக்கத்து அறையில் புத்தகத்தை மூடியதுபோல் இருந்தது. செட்டையின் அடியில் அம்பின் இறகு மட்டும் தெரிந்தது. பறவை இரண்டு எட்டு வைத்து, யோசித்து, பக்கவாட்டில் சாய்ந்தது.

அதன்பிறகு செல்வநாயகி இருமிய இருமலில் மேட்டில் இருந்த மிச்சம் முழுவதும் எழும்பி, கொலினின் வீட்டுக் கூரைக்கு மேலால் பறந்தது. ஆடுகளும் மிரண்டன. துவக்கே பரவாயில்லை என்று கொலின் பிறகு சொன்னாராம்.

சுகந்தினி இன்னொரு அம்பைப் பூட்டியபடி காத்திருந்து, அசைவில்லை என்று தெரிந்த பிறகுதான் கிட்டப் போனாள். பறவையின்மேல் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் குந்தியிருந்தாள். செல்வநாயகியும் வந்து குந்தினார். இறகைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

“நல்ல பாரம் இருக்கும்” என்றார்.

“ஓம்.”

“தோள் நோகேல்லையோ?”

“எனக்கு எப்ப மச்சாள் தோள் நொந்தது?”

கொலினின் கொட்டிலில் இறகு பிடுங்கி முடித்து, திரும்பும் வழியில் சுகந்தினி காரை மெதுவாக ஓட்டினாள். பெட்டியில் இறைச்சி ஐஸுக்குள் கிடந்தது. சமைப்பது சனிக்கிழமைதான். அதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஹெலன்ஸ்வில் கடந்ததும் சுகந்தினி, ஞாயிற்றுக்கிழமை கண்டதைக் கண்டபடி சொல்லும்படி கேட்டாள். வெள்ளிக்கிழமை என்பதையும் சேர்த்துத்தான். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், இந்த ஒன்றில் மட்டும் தன் சொல் நிற்க வேண்டும் என்றாள். அவளுடைய குரல் மண்டபத்தில் இருந்ததைப் போல் இல்லை. செல்வநாயகிக்கோ அன்றைக்குப் பேசாமல் இருக்கும் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

பின்னேரம் செல்வநாயகி தலைமுழுகிக் கோயிலுக்குப் போனார். சுகந்தினியும் தலைமுழுகி வந்திருந்தாள். இரண்டு ஈரக் கூந்தலும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டன. குளிருக்குள் என்ன பக்தி என்று ஐயர்கூட மெச்சினார்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். கணக்கறிக்கை, நிர்வாகத் தெரிவு எல்லாம் முடிந்து, வேறு விடயம் ஏதும் உண்டோ என்று தலைவர் கேட்டதும் செல்வநாயகி எழுந்தார். மைக் தேவையில்லாதவர் வேண்டுமென்றே நடந்துபோய் மைக்கை வாங்கினார். மறுகையில் துணிப்பை. அதிலிருந்து வான்கோழியின் வாலை எடுத்து விரித்தார். பெரிய விசிறி, செம்பு நிறம், நுனியில் வெள்ளைக் கரை. முன்வரிசை தலையைப் பின்னுக்கு இழுத்தது.

“போன ஒன்றுகூடலில நான் ஒரு சொல் சொன்னனான். அது பிழை. என்ர தம்பியின்ர மனுசி வில்லால வான்கோழி அடிச்சதை நான் ரெண்டு கண்ணாலயும் கண்டனான். குறிகாட்டி இல்லை, சக்கரம் இல்லை, வெறும் மரம். முதல் வந்த சேவலை அடிக்கேல்லை, ஏனெண்டால் பின்னால பேடு நிண்டது. எங்களில எத்தினை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கு? இந்தச் சபையில இருக்கிற ஆம்பிளையள் ஒருத்தராலும் அந்த வில்லைப் பாதி வளைக்க ஏலாது. நவரத்தினம், நீயும்தான்.”

நவரத்தினம் சந்தோசமாகத் தலையாட்டினார்.

சுகந்தினி எழுந்து நின்றிருந்தாள். அடுத்து வரப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியும். கையால் முன்னால் இருந்த கதிரையைப் பிடித்திருந்தாள். பின்னால் இருந்து யாரோ, எப்போது போனீர்கள் என்று கேட்டார்கள். கேட்காமல் விடுமா சபை.

செல்வநாயகி விசிறியை ஒருதரம் மடித்து விரித்தார். ஒன்றுக்கும் அசையாத அந்தக் குரலிலேயே சொன்னார்:

“சனிக்கிழமை.”

மனோஜ்தான் எழுந்தான். அவனுக்கு மனதில் கள்ளம் இல்லை. அதுதான் அவனிடம் உள்ள குறை.

“ஆன்ட்டி, சனிக்கிழமை நீங்க என்னைய பாட்டனி டவுன்ஸ் கூட்டிட்டுப் போய் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தீங்களே?”

“அது பின்னேரம், தம்பி.”

“இல்லீங்க ஆன்ட்டி, காலைல...”

“நீர் விடிய எழும்பினால் எல்லோ எது காலமை, எது பின்னேரம் எண்டு தெரியும்.”

சபை சிரித்தது. மனோஜும் சிரித்து உட்கார்ந்தான். சுகந்தினி கதிரையை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று அன்றைக்குச் சபை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. எதுவானாலும் சாப்பாட்டு நேரம் அவளுடைய சட்டிக்கு முன்னால்தான் வரிசை நீண்டது. அவளும் ஒவ்வொருவருக்கும் தானே அள்ளிப் போட்டாள், அகப்பையை வேறு யாரிடமும் கொடுக்காமல்.

ரதிதேவி வாலை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு தூரத்தில் இருந்து அடித்தது என்று கேட்டார். செல்வநாயகி மண்டப வாசலில் இருந்து மேடைவரை கையைக் காட்டினார். உண்மையில் அதில் பாதிதான்.

“எங்கட இவர் ஊரில துவக்கு வச்சிருந்தவர். ஒரு புறா விழுத்தேல்லை” என்றார் ரதிதேவி. பிறகு, நிலானிக்கும் இது பழக்கமோ என்று கேட்டார். கேட்ட விதத்தில், பழக்கமில்லை என்றால் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்பதுபோல் இருந்தது. செல்வநாயகி ஒரு நொடியும் தாமதிக்காமல், மாமியோடு போகத் தொடங்கப் போகிறாள் என்றார். நிலானி அதைக் கேட்டு, “அம்மா, சீரியஸ்லி?” என்றாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை போனாள். அதற்கடுத்த வெள்ளி பார்த்தீபனும் வேலைக்கு லீவு போட்டு வந்தான். அவன் விட்ட முதல் அம்பு கொலினின் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போட்டது. அதைப் பார்த்து நிலானி சிரித்த சிரிப்பில்தான் பாதி கனிந்த பேச்சு முழுதாகக் கனிந்தது என்று சுகந்தினி சொல்லுவாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நவரத்தினம் தாய்மாமனாகத் தேங்காய் உடைத்தார். மூன்றாம் அடியில் உடைந்தது. மனோஜ் ஊருக்குப் போய் ரஷ்மி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, ஆறு மாதத்தில் பிரிஸ்பேனுக்கு மாறிவிட்டான். கொலின் பண்ணையை மகளிடம் விட்டுவிட்டு வாங்கரேய் பக்கம் போனார், பல்லோடு. மகளும் வெள்ளிக்கிழமைதான் என்கிறாளாம். செல்வநாயகி வீட்டை விற்று, மகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பாட்டனி டவுன்ஸுக்குக் குடிபோய்விட்டார். பிளாக்ஹவுஸ் பே இப்போது கொஞ்சம் அமைதியாக இருக்கிறது.